ரசம் போன கண்ணாடியா, அழுக்குப் படிந்த கண்ணாடியா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

மும்பையில் ஜூனில் நனையத் தொடங்கும் சுவர் அக்டோபர் வெயிலில்தான் முழுசாகக் காயும். அதற்குள் பாத்ரூம் கண்ணாடியின் ஓரம் கறுத்திருக்கும், பீரோ கண்ணாடியில் புள்ளி விழுந்திருக்கும், ஹாலில் நிற்கும் நிலைக்கண்ணாடி எவ்வளவு துடைத்தாலும் பளிச்சென்று ஆகாது. தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது இதெல்லாம் கண்ணில் பட்டு, "எடுத்துப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்" என்று முடிவாகிவிடும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகும்போது, ஊரிலிருந்து சீராக வந்த தேக்குச் சட்டக் கண்ணாடிகள் பழைய சாமான்காரரின் வண்டியில் ஏறுவதைப் பார்த்தால் மனசு தாங்கவில்லை. அவற்றில் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். சிலவற்றுக்கு ஈரத் துணியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தாலே போதும்.

எதையும் தொடும் முன்: கறை எந்தப் பக்கம்?

இதைப் பார்க்காமல் வேலையில் இறங்கினால் நேரமும் போகும், கண்ணாடியும் போகும். முன்னால் இருப்பது கண்ணாடித் தகடு. அதன் முதுகில் வெள்ளிப் பூச்சு, அதைத்தான் ரசம் என்கிறோம். அதற்கும் பின்னால் பாதுகாப்புக்குப் பெயிண்ட். பல கண்ணாடிகளில் வெள்ளிக்கும் பெயிண்டுக்கும் நடுவே செம்புப் பூச்சும் உண்டு. அந்த வெள்ளியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். முன்பக்கம் இருக்கும் எதையும் எடுத்துவிடலாம். பின்பக்கம் போனது போனதுதான், தேய்த்துத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஒரு பென்சிலின் முனையைக் கறையின் மேல் வையுங்கள். முனை கறையைத் தொட்டால் அது முன்பக்க அழுக்கு. முனைக்கும் கறைக்கும் இடையே சின்ன இடைவெளி தெரிந்தால் கோளாறு ரசத்தில். இன்னொரு அடையாளமும் உண்டு. முன்பக்கக் கறை ரசத்தில் பிரதிபலிப்பதால், கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் கறையும் அதன் நிழலும் என இரண்டாகத் தெரியும். ரசத்தில் விழுந்த ஓட்டை எந்தக் கோணத்திலும் ஒற்றையாகவே இருக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் இரண்டுமே நன்றாகப் பிடிபடும்.

முழுக் கண்ணாடியும் மங்கல், துடைத்தால் கோடு கோடாக நிற்கிறது

இது பெரும்பாலும் எண்ணெய்ப் படலம். ஒரே அறையில் சமையலும் படுக்கையும் இருக்கிற வீடுகளில் தாளிக்கிற ஒவ்வொரு முறையும் எண்ணெய் ஆவி போய்க் கண்ணாடியில் உட்காரும். ஊதுவத்தி, சாம்பிராணிப் புகை அதன் மேல் ஒட்டும். ஹேர் ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் இருந்தால் கேட்கவே வேண்டாம். வெறும் தண்ணீரில் துடைக்கும்போது படலம் கரையாமல் இடம்தான் மாறுகிறது.

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மக்கில் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு விடுங்கள். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் இன்னொரு முறை. அதற்கும் போகாத பிசுக்குக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பாலீஷ் போட்ட மரச்சட்டத்தில் மட்டும் ஸ்பிரிட் படக்கூடாது, பாலீஷைக் கரைத்துவிடும்.

எந்தத் திரவமாக இருந்தாலும் துணியில் அடியுங்கள், கண்ணாடி மேல் நேராக அடிக்காதீர்கள். நேராக அடித்தால் வழிந்து கீழ் ஓரத்தில் போய்த் தேங்கும். ஓரம் கறுக்க ஆரம்பிப்பது அங்கேதான். அம்மோனியா கலந்த கிளீனரும் வேண்டாம், அது ஓரம் வழியாகப் புகுந்து ரசத்தைக் கெடுக்கும்.

வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, உப்புப் பூத்த தடம்

மாநகராட்சியின் ஏரித் தண்ணீர் வரும் வீடுகளில் இது குறைவு. போர்வெல், டேங்கர் தண்ணீர் ஏற்றும் கட்டடங்களில் வாஷ்பேசின் மேலிருக்கும் கண்ணாடியைப் பார்த்தாலே தெரியும். தெறித்த துளி காய்ந்து, அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

வினிகரும் தண்ணீரும் சரிபாதி. அல்லது ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு. துணியை நனைத்துப் பிழிந்து, புள்ளிகள் மேல் ஐந்து நிமிடம் ஒற்றி வையுங்கள். ஓரத்துக்கு இரண்டு விரல் உள்ளேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு வெறும் ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கமே போக வேண்டாம். அதைத் தடவத்தான் வேண்டும் என்பதில்லை, பாத்ரூமில் திறந்து வைத்தாலே அதன் ஆவி ரசத்தைத் தின்னும்.

வருஷக்கணக்கில் விட்ட கறை கண்ணாடித் தகட்டையே அரித்திருக்கும். விரலால் தடவினால் சொரசொரப்புத் தெரியும். அதற்கு வினிகர் உதவாது. கீறலுக்குச் சொல்லப்போகும் பாலீஷ் வேலைதான்.

பொட்டுப் பசை, குங்குமத் தடம், பெயிண்ட் துளி

தமிழ் வீட்டுக் கண்ணாடி என்பதற்கு ஸ்டிக்கர் பொட்டைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம். பசை பழசானால் தூசியை இழுத்துக் கறுப்பாக நிற்கும். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி அரை மணி நேரம் ஊற விட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டால் வழித்தெடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர். பூஜைக் கண்ணாடியில் ஏறிய மஞ்சள், குங்குமத்துக்கும் சோப்புத் தண்ணீர் போதும், ஆனால் சட்டத்தின் இடுக்கில் தங்கியதைப் பழைய டூத் பிரஷ்ஷால் உலர்வாகவே தட்டி எடுத்துவிட்டுப் பிறகு நனையுங்கள். முதலிலேயே நனைத்தால் சிவப்பு மரத்துக்குள் இறங்கிவிடும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது தெறித்த பெயிண்டுக்குப் புது பிளேடு, ஈரமான கண்ணாடி, சாய்த்த கை. காய்ந்த கண்ணாடியில் பிளேடு வைத்தால் கோடு விழும்.

ஓரம் கறுத்துக்கொண்டே வருகிறது

மும்பை வீடுகளின் பெரிய தலைவலி இதுதான், கடலோர வீடுகளில் இன்னும் மோசம். கீழ் ஓரத்தை டார்ச்சில் பார்த்தால் கதை முழுசும் அங்கே இருக்கும். முதலில் தேன் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. அதை ஒட்டிப் பழுப்பு. அதற்கும் உள்ளே, கீழ்ச்சட்டத்தின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய இடங்களில், கறுப்பு கிளை விட்டு மேலே ஏறியிருக்கும். பின்பக்கம் திருப்பினால் அதே இடத்தில் பெயிண்ட் கொப்புளித்திருக்கும். நகத்தால் தொட்டால் செதில் செதிலாக வரும். ஈரமும் உப்பும் வெட்டுமுனை வழியாகப் புகுந்து வெள்ளியையும் செம்பையும் அரித்ததன் விளைவு இது. காற்றில் கந்தகச் சேர்மம் இருந்தால் வெள்ளி சல்ஃபைடாக மாறிக் கறுப்பதும் உண்டு.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணாடியைச் சுவரில் ஒட்டப் போடும் சிலிகான். சிலிகான் டியூபைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் ரகம். அதை ரசத்தின் முதுகில் வைத்து ஒட்டினால், ஒட்டிய இடமெல்லாம் கொஞ்ச காலத்தில் முன்பக்கம் கறையாக எழும்பும். கண்ணாடிக்கு நியூட்ரல் சிலிகான்தான் போட வேண்டும். கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

சரி, கறுத்தாகிவிட்டது, என்ன செய்வது? முதல் வேலை பரவாமல் நிறுத்துவது. கண்ணாடியைக் கழற்றி, ஈரமில்லாத அறையில் ஃபேன் காற்றில் ஓரிரு நாள் காய விடுங்கள். உதிரும் பெயிண்டை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, நான்கு வெட்டுமுனைகளிலும், பின்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கும், எண்ணெய் கலந்த வார்னிஷோ எனாமல் பெயிண்டோ இரண்டு கோட் அடியுங்கள். சின்னக் கண்ணாடி என்றால் நிறமில்லாத நெயில் பாலீஷே போதும். கறுப்பு மறையாது, ஆனால் இதற்கு மேல் ஈரம் எளிதில் ஏறாது.

அடுத்தது மறைப்பது. அரை இஞ்சுக்குள் இருக்கும் கறுப்பை மர பீடிங்கே மூடிவிடும். சட்டமில்லாத பாத்ரூம் கண்ணாடிக்கு அலுமினியச் சேனல் நல்லது, தண்ணீர் வடிய கீழ்ச்சேனலில் ஓட்டை போடச் சொல்லுங்கள். அதைவிட அகலமாகப் போயிருந்தால் வெட்டுவதுதான் வழி. தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் கண்ணாடி வெட்டும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், துண்டைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார், திருப்பித்தான் பார்ப்பார். "முன்னால தெரியிற கறுப்போட வெட்டுனா ரெண்டு மழையில மறுபடி வந்துரும். பின்னால பெயிண்ட் எதுவரைக்கும் உப்பிருக்குன்னு பாத்து, அதுக்கும் ஒரு விரல் உள்ள தள்ளி வெட்டணும்" என்பது அவர் கணக்கு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. வெட்டிய முனையைத் தேய்த்து வழவழப்பாக்கி, அன்றைக்கே வார்னிஷ் கொடுத்துவிட வேண்டும்.

வெட்டும்போது பழைய வடிவத்துக்கே போக வேண்டும் என்று என்ன கட்டாயம்? கீழ்ப்பக்கம் முழுக்கக் கெட்டுப்போன நீளக் கண்ணாடியின் மேல்பாதியை வளைவாக வெட்டினால் பூஜை அலமாரியின் முதுகுக்கு அருமையாக இருக்கும். பீரோக் கண்ணாடியிலிருந்து முட்டை வடிவம் ஒன்று எடுத்தால் வாசல் பக்கம் மாட்டலாம். டஃபன் செய்த, அதாவது சூடேற்றிக் கெட்டிப்படுத்திய கண்ணாடியை மட்டும் வெட்ட முடியாது, வெட்டப் போனால் பொடியாகிவிடும். பழைய வீட்டுக் கண்ணாடிகளில் அது அபூர்வம்.

ஜரிகைக் கரை வைத்து ஓரத்தை மாற்றுவது

இது எனக்கு மிகவும் பிடித்த வேலை, வெட்ட மனசு வராத கண்ணாடிகளுக்கு. மாட்டுங்காவில் ஒரு மாமியின் வீட்டுக் கண்ணாடிக்கு இப்படிச் செய்தோம். தேக்குச் சட்டம், சரிவாகத் தேய்த்த ஓரம், சுற்றிலும் இரண்டு இஞ்சு கறுப்பு. "எங்கம்மா தலை வாரிண்ட கண்ணாடி, வெட்டக் கூடாது" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

கண்ணாடியைக் குப்புறப் போர்வை மேல் படுக்க வையுங்கள். கெட்ட பகுதி முடிகிற இடத்தை ஒட்டி, நல்ல பகுதியின் மேல் நேர்கோடாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டேப்புக்கும் ஓரத்துக்கும் நடுவில் மட்டும் பெயிண்ட் ரிமூவரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. சில நிமிடத்தில் பெயிண்ட் சுருங்கி எழும்பும், பிளாஸ்டிக் கார்டால் வழித்துவிடலாம். அடியில் செம்பு நிறம் தெரியலாம், அதற்கும் கீழே வெள்ளி. மிக நைஸான ஸ்டீல் உல்லால் மெதுவாகத் தேய்த்தால் இரண்டும் போய், டேப் வரைக்கும் நிறமில்லாத கண்ணாடி பட்டையாகக் கிடைக்கும். ஸ்பிரிட்டால் துடைத்து, டேப்பை எடுத்து, ரசம் நிற்கும் விளிம்பில் வார்னிஷ் கோடு ஒன்று இழுத்துக் காய விடுங்கள்.

இனி அந்தப் பட்டைக்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம். மாமி, கிழிந்துபோன கூரைப்புடவையின் ஜரிகைக் கரையை எடுத்துத் தந்தார். அதைப் பசை தடவாமல், பின்னட்டை அழுத்தத்திலேயே நிற்கும்படி வைத்தோம், பிறகு எடுக்கவும் முடியும். மூலைகளில் கரையை நாற்பத்தைந்து டிகிரியில் மடிக்க வேண்டும், வெட்டினால் நூல் பிரியும். புடவை இல்லாவிட்டால் பித்தளைத் தகடு, கலம்காரித் துணி, வெள்ளைப் பெயிண்டில் கம்பிக் கோலம் எதுவும் பொருந்தும். கோலத்தைப் பின்பக்கம் போடும்போது இடம் வலமாகும் என்பதை நினைவில் வையுங்கள், ஒத்த அமைப்புள்ள கோலமாக எடுத்தால் அந்தக் கவலை இல்லை.

நடுவில் புள்ளிகள், ஓரம் நன்றாக இருக்கிறது

ஓரத்தைத் தொடாமல் நடுவில் புள்ளி விழுந்தால் முதலில் சுவரைச் சந்தேகப்படுங்கள். கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் ஓதம் தெரியும். பக்கத்து வீட்டுக் குழாய்க் கசிவு, மேல்மாடி பாத்ரூம் லீக்கேஜ், மழைபடும் வெளிச்சுவர், ஏதோ ஒன்று. லீக்கேஜைச் சரிசெய்யாமல் எந்தக் கண்ணாடியை மாட்டினாலும் அடுத்த வருஷம் அதே கதி.

புள்ளிகளை மறைக்கப் பின்னால் அலுமினியத் தாள் ஒட்டுவது, குரோம் ஸ்பிரே அடிப்பது என்று பல யோசனைகள் சுற்றுகின்றன. தூரத்தில் பார்க்கும் அலங்காரக் கண்ணாடிக்குப் பரவாயில்லை. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எடுபடாது, ஒட்டிய இடம் சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரியும். அதைவிட முன்பக்கம் ஃபிராஸ்டட் ஃபிலிமில் கொடியோ மாவிலைத் தோரணமோ வெட்டிப் புள்ளி இருக்கும் இடத்தில் ஒட்டுவது அழகு, பிடிக்காவிட்டால் உரித்தும் விடலாம்.

புள்ளிகள் ஏராளமாக இருந்தால் அந்தக் கண்ணாடிக்கு வேலையை மாற்றிக் கொடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால், ரசம் பாதி போன கண்ணாடியும் இருட்டு அறைக்குள் வெளிச்சம் கொண்டுவரும். மும்பையின் ஒற்றை ஜன்னல் அறைகளுக்கு அது பெரிய உபகாரம். குத்துவிளக்குக்குப் பின்னால் வைத்தால் சுடர் அந்த மங்கலில் புது அழகாக விழும். ஜோகேஸ்வரியின் ஓஷிவாராவிலும், சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டிலும் இதே புள்ளி விழுந்த கண்ணாடிகளைத் தேடிப் பிடித்துக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். உங்களிடம் இருப்பதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

கீறல்

நகம் மாட்டாத மெல்லிய கீறலைச் சீரியம் ஆக்ஸைடு பொடியைத் தண்ணீரில் குழைத்து, கம்பளித் துண்டால் வட்டமாகத் தேய்த்துக் குறைக்கலாம். ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அங்கே குழி விழுந்து உருவம் நெளியும். நகம் மாட்டினால் விட்டுவிடுங்கள். கீறல் பின்பக்கம் என்றால் அது ரசம் போன கணக்கு.

முகம் நெளிந்து தெரிகிறது

இரண்டே காரணம். கண்ணாடி மெல்லிசு, அல்லது மாட்டியது கோணல். திருகுகளைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். உருவம் நேரானால், சமமில்லாத சுவரோடு சேர்த்து இறுக்கியதால் கண்ணாடி வளைந்திருக்கிறது. மூலைகளில் ரப்பர் வாஷர் வைத்தால் சரியாகும். தளர்த்தியும் நெளிவு போகாவிட்டால் தகட்டிலேயே குறை, ஒன்றும் செய்வதற்கில்லை.

சட்டத்திலிருந்து மாவு கொட்டுகிறது, பாலீஷ் செத்துவிட்டது

மாவு என்றால் மரம் உளுக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஓட்டை ஓட்டையாகக் கரையான் மருந்தை இன்ஜெக்‌ஷன் ஊசியால் இறக்குங்கள். சட்டத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சில நாள் மூடிவைத்துவிட்டு, மெழுகால் ஓட்டையை அடையுங்கள். தேக்கு, ஈட்டி மரத்தில் பெயிண்ட் அடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நைஸ் உப்புத்தாள் லேசாகப் போட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலீஷைத் துணிப்பந்தால் மெல்லிய கோட்டுகளாக ஏற்றினால் மரத்தின் ரேகை எழும்பி வரும். மழை நாளில் மட்டும் இந்த வேலை வேண்டாம், ஈரக்காற்றில் பாலீஷ் வெள்ளையாகப் பூத்துவிடும்.

புது ரசம் பூசலாமா?

பூசலாம், வீட்டில் வேண்டாம். ஜெர்மனியின் லீபிக் 1835-ல் கண்டுபிடித்த முறைதான் இன்றைய வெள்ளிப் பூச்சுக்கு அடிப்படை. வெள்ளி நைட்ரேட், அம்மோனியா, அதோடு வெள்ளியைப் பிரித்துப் படியவைக்கும் இன்னொரு கரைசல். அந்த அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை மிச்சம் வைத்தால் நாளடைவில் வெடிக்கும் பொருளாக மாறும். கைதேர்ந்தவரிடம் கொடுப்பதே நல்லது. அதுவும் சரிவு ஓரம் உள்ள பெல்ஜியம் கண்ணாடி மாதிரி, தகடே அருமையாக இருந்தால்தான் செலவுக்குத் தகும்.

மிகப் பழைய கண்ணாடி, பின்னால் பெயிண்டே இல்லாமல் சாம்பல் வெள்ளையாக மின்னினால், அது பாதரசமும் வெள்ளீயமும் சேர்த்துப் பூசியதாக இருக்கலாம். அதைச் சுரண்டவோ, சூடாக்கவோ, மேலே சொன்ன ஜரிகை வேலை செய்யவோ கூடாது. பின்னட்டையை மூடி, நிமிர்த்தியே வைத்து, பழம்பொருள் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

விரிசல் விட்டிருந்தால்

வீட்டில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கை கிழியும் என்பதற்காகவாவது அதைக் கேட்கலாம். நல்ல பகுதியைக் கடையில் சதுரங்களாக வெட்டித் தேய்த்து வாங்கினால் பூந்தொட்டிக்கும் தட்டுக்கும் பதிக்கலாம். மிச்சத்தைப் பாட்டில்களோடு சேர்க்க வேண்டாம். கெட்டித் தாளில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே 'காஞ்ச்' என்று இந்தியில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். குப்பை எடுக்க வருபவரின் கையை நினைத்துச் செய்ய வேண்டியது இது.

திரும்ப மாட்டும்போது

4 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ எடை. இரண்டடிக்கு நான்கடி கண்ணாடி, சட்டம் இல்லாமலே ஏழரைக் கிலோவுக்குப் பக்கத்தில் வரும். தேக்குச் சட்டமும் சேர்ந்தால் ஒற்றை ஆணியை நம்பக் கூடாது. கான்கிரீட்டில் டிரில் போட்டு, பிளக் அடித்து, இரண்டு திருகாவது வேண்டும். சுவருக்கும் கண்ணாடி முதுகுக்கும் நடுவில் விரல் நுனி அளவு இடைவெளி விடுங்கள், நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் ஒட்டினாலே போதும், காற்று ஓடும். சிலிகான் போட்டிருந்தால் ஒரு நாள் முழுக்கக் காயும் வரை அந்த பாத்ரூமில் வெந்நீரில் குளிக்க வேண்டாம்.